‘பிங்க் பிரின்சஸ்’ என்று இன்ஸ்டாவில் விற்கும் செடி: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

மாஸ் ஸ்டிக்கில் (கொடி பிடித்து ஏறுவதற்காகப் பாசியோ தென்னை நாரோ சுற்றிய குச்சி) ஏற்றி வளர்க்க பிங்க் இலை ஃபிலோடென்ட்ரான் (வீட்டுக்குள் வளர்க்கும் அலங்கார இலைச் செடி) தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. செடிக்கு 1,450 ரூபாயும் கூரியருக்கு 180 ரூபாயும் கொடுத்து ஒரு ‘பிங்க் பிரின்சஸ்’ வாங்கினேன். வந்தது பிங்க் பிரின்சஸே இல்லை. அதைக் கேட்டதற்கு மாற்றுச் செடி என்று ஒன்று அனுப்பினார்கள், அது செடியே இல்லை. இரண்டையும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுமே பார்சலைப் பிரிக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஏமாற்று வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும், விற்பவர் நம்பியிருப்பதே அந்த இடைவெளியைத்தான்.

முதலில் வந்தது ஒரு சின்னத் தொட்டிச் செடி. கீழே சில பச்சை இலைகள், மேலே இருந்தவை ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லாமல் முழுக்க பிங்க். 24 மணி நேரத்துக்குள் அன்பாக்சிங் வீடியோ அனுப்பினால்தான் ரீப்ளேஸ்மென்ட் என்பது அவர்கள் விதி, அதன்படி எடுத்து அனுப்பினேன். வாடல் இல்லை, வேர் வெள்ளையாக இருந்தது, ‘செடி சூப்பர்’ என்று ஒரு மெசேஜும் போட்டேன். அந்த மெசேஜைத்தான் பிறகு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்த அன்பாக்சிங் விதி பார்ப்பதற்கு வாங்குபவருக்குப் பாதுகாப்பு மாதிரி இருக்கும். வழியில் செடி உடைந்து வந்தால் சரி, உதவும். வேறு ரகத்தை அனுப்பி ஏமாற்றினால், நாம் எடுத்துக் கொடுக்கும் வீடியோ அவர்களுக்குத்தான் சாட்சி.

அப்புறம் வந்த துளிர் எல்லாம் பச்சை. அடுத்ததும் பச்சை, அதற்கடுத்ததும் பச்சை. பிங்க் இலைகளும் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பச்சையாகத் திரும்ப ஆரம்பித்தன. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு: பக்கத்தில் நட்டு வைத்த தென்னை நார் ஸ்டிக்கை அந்தச் செடி சீண்டவே இல்லை. ஏறுகிற ஃபிலோடென்ட்ரான் என்றால் கணுவுக்குக் கணு இடைவெளி விட்டுத் தண்டு நீளும், கணுவிலிருந்து காற்று வேர் வரும், அது பிடிமானம் தேடும். இதுவோ ஒரே இடத்தில் உட்கார்ந்து, நடுவிலிருந்து இலை விட்டு, நாலாபுறமும் அகலமாக விரிந்துகொண்டே போனது.

இதற்குப் பெயர் பிங்க் காங்கோ. காங்கோ என்பது ஏறாத, குத்தாக வளரும் ஃபிலோடென்ட்ரான் கலப்பினம், இயல்பான நிறம் பச்சை அல்லது சிவப்பு கலந்த பச்சை. அதை விற்பனைக்கு அனுப்பும் முன் வேதிப்பொருள் கொடுத்து, அந்த நேரத்தில் விரிகிற இலைகளை பிங்க் ஆக்கிவிடுகிறார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் மாதிரிதான், வெளியே மட்டும் நிறம் ஏறியிருக்கும். மருந்தின் வேகம் இருக்கும் வரை பிங்க், பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் முழுச் செடியும் பச்சை. என்ன உரம் போட்டாலும், எந்த ஜன்னலில் வைத்தாலும் அந்த நிறம் திரும்பி வராது. வெளிநாட்டில் இந்தச் செடியைப் பற்றி 2019, 2020 வாக்கிலேயே கூச்சல் எழுந்துவிட்டது. இங்கே பெயரை மட்டும் மாற்றி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிஜமான பிங்க் பிரின்சஸ் என்பது ஃபிலோடென்ட்ரான் எருபெசென்ஸ் என்ற கொலம்பிய நாட்டுக் கொடியின் ஒரு ரகம். அதில் பிங்க் வருவது திசுவில் இருக்கும் மரபு மாற்றத்தால். இலை கிட்டத்தட்ட கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த பச்சை, அதில் தெறித்த மாதிரி, ஒழுங்கே இல்லாமல், பிங்க் திட்டுகள். ஒரு இலையில் பாதி பிங்க் இருக்கும், அடுத்ததில் நாலு கீற்று, அதற்கடுத்ததில் ஒன்றுமே இருக்காது. ஒரு இலை மாதிரி இன்னொரு இலை இருக்காது, இதுதான் முதல் அடையாளம். இரண்டாவது தண்டு. உண்மையான செடியின் தண்டிலும் காம்பிலும்கூட பிங்க் கோடு ஓடும், அடுத்த இலையில் எவ்வளவு பிங்க் வரும் என்பதை அனுபவசாலிகள் அந்தக் கோட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள். எல்லா இலையும் ஒரே சீராக, ஓரம் முதல் ஓரம் வரை பிங்க் என்று போட்டோவில் பார்த்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிங்க் பகுதியில் பச்சையம் கிடையாது, முழு பிங்க் செடி தனக்கான சாப்பாட்டைத் தயாரிக்கவே முடியாது.

இதை எல்லாம் போட்டோவோடு விற்றவருக்கு அனுப்பினேன். வாங்கும் வரை ‘அக்கா, அக்கா’ என்று உருகியவர் அன்றைக்கு என்னை ‘மேடம்’ ஆக்கினார். ‘உங்க வீட்ல லைட் பத்தல மேடம்.’ சரி, கிழக்கு ஜன்னல் என்று போட்டோ போட்டேன். ‘அப்ப லைட் ஜாஸ்தி மேடம்.’ அப்புறம் தண்ணீர், உரம், சென்னை வெயில் என்று வரிசையாக வந்தது, கடைசியில் ‘எல்லா வெரைட்டியும் ரிவர்ட் ஆகும் மேடம், அது நேச்சர்.’ இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதுதான் விஷமம். பிங்க் பிரின்சஸும் சில நேரம் பச்சைக்குத் திரும்பும். ஆனால் அதற்கு வழி இருக்கிறது: கடைசியாக நல்ல பிங்க் காட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால், அந்தக் கணுவின் மொட்டிலிருந்து வரும் கிளையில் பெரும்பாலும் நிறம் திரும்பும். என்னிடம் இருந்ததில் அப்படி வெட்டுவதற்குத் தண்டே இல்லையே.

விடாமல் கேட்டதில் ‘குட்வில்லுக்காக ஒரு ரூட்டட் கட்டிங் அனுப்பறோம், கூரியர் சார்ஜ் மட்டும் நீங்க’ என்றார். ரூட்டட் கட்டிங் என்றால் வேர் விட்ட தண்டுத் துண்டு. இன்னொரு 180 ரூபாய். வந்ததைப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் கப்பில் பாசியைச் சுற்றி நட்டு வைத்த ஒற்றை இலை. இந்த முறை அசல் பிங்க் பிரின்சஸ் இலைதான், பாதி கறும்பச்சை, பாதி பிங்க், அவ்வளவு அழகு. பாசியைப் பிரித்துப் பார்த்தால் காம்பின் அடியில் வேர் இருக்கிறது, கணு இல்லை. காம்போடு இலையை மட்டும் கிள்ளி நட்டிருக்கிறார்கள்.

ஃபிலோடென்ட்ரானில் புதுத் துளிர் வரும் மொட்டு, காம்பு தண்டோடு சேரும் கணுவில்தான் இருக்கிறது. வெறும் இலைக் காம்பு சில சமயம் வேர் விடும், மாதக்கணக்கில் பசுமையாக நிற்கவும் செய்யும், ஆனால் அதிலிருந்து ஒரு துளிர்கூட வராது. வேரைக் காட்டி ‘ரூட்டட்’ என்று விற்பதில் பொய்யும் இல்லை பாருங்கள், கெட்டிக்காரத்தனம் அங்கேதான். இதைச் சொன்ன அன்றே என்னை பிளாக் செய்துவிட்டார்.

பார்சலோடு ஒரு பராமரிப்பு அட்டை வைத்திருந்தார்கள். அதையும் சொல்லியாக வேண்டும். தினமும் தண்ணீர், தினமும் இலைமேல் ஸ்பிரே, ‘நல்ல வெயில்’. வெறும் கோகோபீட்டில் (தென்னை நார்த் தூள்) நட்ட செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும், அழுகினால் அந்தச் செடி என்ன ரகம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஏறும் ஃபிலோடென்ட்ரான் எதுவாக இருந்தாலும் கலவை கரடுமுரடாக இருக்கட்டும், தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட் (கலவையை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்), கொஞ்சம் கோகோபீட், ஒரு பிடி மண்புழு உரம். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். வெளிச்சம் தாராளமாக வேண்டும், சென்னையின் மே மாத மதிய வெயில் நேராக விழக்கூடாது, பிங்க் திட்டுதான் முதலில் கருகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி பழுப்பாகும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினால் நல்லது. ஸ்பிரே செய்ய ஆசையாக இருந்தால் இலையை விட்டுவிட்டு ஸ்டிக்கை ஈரமாக்குங்கள், காற்று வேர் உள்ளே போகும், ஏற ஏற இலையும் பெரிதாகும். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கிற வீடு என்றால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதே ஆட்கள் விற்கும் வேறு சிலதையும் பாருங்கள். பிங்க் பிரின்சஸ் ‘விதை’ பாக்கெட் சுத்தப் பொய், அந்த நிறம் விதை வழியாக அப்படியே வராது, கட்டிங் அல்லது திசு வளர்ப்புதான். நீல நிற ஃபிலோடென்ட்ரான் என்பது போட்டோஷாப்பில் மட்டும் வளர்வது. ‘லெமன் லைம் ஃபிலோடென்ட்ரான்’ என்று வருவது பல நேரம் நம் நியான் மணிபிளான்ட். புதுத் துளிரைப் பாருங்கள்: ஃபிலோடென்ட்ரானில் துளிர் ஒரு மெல்லிய உறைக்குள் இருந்து வரும், உறை பிறகு காய்ந்து உதிரும், மணிபிளான்ட்டில் அந்தத் தனி உறை கிடையாது, காம்பின் மேல்பக்கம் ஒரு பள்ளம் ஓடும். பிங்க்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் சென்னை ஈசிஆர் பக்கம் ஏதாவது ஒரு நர்சரிக்குப் போய் சிலோன் கோல்டு என்ற ஃபிலோடென்ட்ரானைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். அதுவும் எருபெசென்ஸ் வகைதான் என்று விற்கிறார்கள், எலுமிச்சை மஞ்சள் இலை, விலை அதிகமில்லை, ஸ்டிக்கில் ஜம்மென்று ஏறும்.

புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கூப்பிட்டேன், பதிவு செய்துகொண்டார்கள், முதல் கேள்வியே விற்பவரின் பெயரும் முகவரியும். என்னிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் எண்ணும், கடைப் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு யுபிஐ பெயரும்தான். அதனால் பணம் அனுப்பும் முன்பே முகவரியோடு பில் கேளுங்கள், அதில் ரகத்தின் பெயர் முழுதாக இருக்கட்டும். பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு எதையுமே அனுப்பாதவர்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், நேரம் கடந்தால் பணத்தை நிறுத்தி வைப்பது கடினம்.

பில்லோடு ஒரு வீடியோவும் கேளுங்கள். இன்றைய தேதியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, இலையை விலக்கித் தண்டையும் கணுவையும் அருகில் காட்டச் சொல்லுங்கள். எனக்கு விற்ற அந்த இன்ஸ்டா கணக்கு இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, அதே போட்டோ, விலை மட்டும் 999 ஆகிவிட்டது. என் தங்கை ஐடியிலிருந்து இந்த வீடியோவைக் கேட்டுப் பார்த்தேன். ‘ஸ்டாக் முடிஞ்சிருச்சு’ என்று உடனே பதில் வந்தது, ஸ்டோரியில் விற்பனை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.