கம்பியா, பந்து மூட்டா? ஸ்டாப் மோஷன் பொம்மைக்கு எந்த எலும்புக்கூடு சரி

முதல் பொம்மை செய்பவர்கள் முகத்துக்கும் உடைக்கும் மெனக்கெடும் அளவுக்கு உள்ளே போகும் எலும்புக்கூட்டைக் கவனிப்பதில்லை. பொம்மையைச் சிறிதுசிறிதாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் படம் பிடிப்பதுதான் ஸ்டாப் மோஷன். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டிரண்டு பிரேமாக எடுத்தாலும் நொடிக்கு 12 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். தூக்கிய கை அப்படியே நிற்காவிட்டால் எவ்வளவு அழகான முகம் இருந்தும் பயனில்லை.

வீட்டில் செய்வதற்கு என் ஓட்டு முறுக்கிய அலுமினியக் கம்பிக்கே. எஃகுக் கம்பி வளைத்தாலும் திரும்பி வந்துவிடும். செம்பு சில வளைப்புகளிலேயே விறைத்துப்போகும். தடித்த ஒற்றைக் கம்பியும் வேண்டாம். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து, முனைகளை இடுக்கியில் பிடித்து, மடிப்பை ட்ரில்லில் மாட்டிய கொக்கியில் கோத்து மெதுவாகச் சுற்றினால் போதும். அளவுக்கு மீறி முறுக்கினால் கம்பி அப்போதே விறைத்துவிடும். அப்புறம் மூட்டுகளை மட்டும் விட்டுவிட்டு, எலும்பு வரும் இடங்களில் எபாக்ஸி புட்டி (பிசைந்து பூசினால் கெட்டியாக இறுகும் பசை) பூச வேண்டும். முழங்கையில் விடும் இடைவெளி குறுகலாக இருந்தால் வளைவு முழுக்க ஒரே புள்ளியில் விழுந்து அங்கேயே சீக்கிரம் முறியும்; கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள்.

எப்படிச் செய்தாலும் கம்பி ஒருநாள் முறியத்தான் செய்யும், அதிலும் மணிக்கட்டும் கணுக்காலும் முதலில். அதனால் தோளில் சதுரப் பித்தளைக் குழாய் வைத்து, கையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்துவிடுங்கள். சதுரக் குழாய் என்றால் கை தானாகச் சுழலாது. படப்பிடிப்பு நடுவில் முறிந்தாலும் வேறு கையை மாட்டி வேலையைத் தொடரலாம்.

பந்து மூட்டு இதைவிட நேர்த்தியானது என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே எஃகுப் பந்து. திருகை இறுக்கினால் விறைப்பு, தளர்த்தினால் இளக்கம். இடுப்பை இறுக்கமாகவும் மணிக்கட்டை லேசாகவும் வைத்துக்கொள்ளலாம். கம்பி கொஞ்சம் பின்வாங்கும். பந்து மூட்டோ வைத்த இடத்தில் நிற்கும். மெதுவான, கனமான அசைவுக்கு இதை மிஞ்ச முடியாது. ஆனால் பந்தைத் துளையிட்டுத் தண்டோடு பற்றவைப்பது வீட்டு மேசையில் நடக்கிற வேலை இல்லை. தயார் கிட் வாங்கினாலும், திருகைத் திருப்ப மேல்தோலில் வழி விட வேண்டும். விரல்களுக்கோ பெரும்பாலும் கம்பிதான்.

எலும்புக்கூடே இல்லாத வெறும் எண்ணெய்க் களிமண் குட்டையான, தடித்த உருவத்துக்கு மட்டும் போதும். விளக்குச் சூட்டில் மெல்லிய கால்கள் தொய்ந்துவிடும்.

எதை எடுத்தாலும் பாதத்தில் ஒரு நட்டைப் பதித்துவிடுங்கள். மேடைக்குக் கீழிருந்து போல்ட் போட்டு இறுக்குவதுபோல் ஏதாவது பிடிப்பு இல்லாமல் பொம்மை ஒற்றைக் காலில் நிற்பது கடினம், நடை என்றால் பெரும்பாலான நேரம் ஒற்றைக் கால்தான்.