‘கூகிளில் முதலிடம்’ என்று சொல்லி 85,000 ரூபா வாங்கிவிட்டார்கள்: யாழ்ப்பாணச் சிறுவியாபாரிகளின் கவனத்திற்கு

உங்கள் வியாபாரத்துக்குப் பொருத்தமான தேடற்சொற்களைத் தெரிவுசெய்து கூகிளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று எவராவது கடைக்கு வந்து சொன்னால், காசைக் கொடுப்பதற்கு முன் இதை வாசியுங்கள். பனங்கிழங்கிலிருந்து செய்யும் ஒடியல் மாவும் புழுக்கொடியலும், அவற்றோடு பனங்கட்டியும் பொதிசெய்து விற்கும் எங்கள் சிறிய வீட்டுத்தொழில் 85,000 ரூபாவை இழந்திருக்கிறது. தேடற்சொற்களை, அதாவது வாங்குபவர்கள் கூகிளில் எழுதித் தேடும் சொற்களை, நாமே தெரிவுசெய்யும் முறையையும் முடிவில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வந்தவர் நகரில் இயங்கும் இணையச் சந்தைப்படுத்தல் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி. மிகவும் பண்பாகப் பேசினார். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டுடன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, தன் தாயார் காய்ச்சும் ஒடியற்கூழைப் பற்றியும் சொன்னார். பிறகு தன் கைத்தொலைபேசியில் எங்கள் கடையின் பெயரைத் தேடி, எங்கள் இணையத்தளம் மேலே வருவதைக் காட்டி, “பாருங்கோ அக்கா, இப்பவே முதலாவதா வருது. நாங்கள் கை வைச்சால் கனடா, லண்டன் எல்லா இடத்திலையும் இப்பிடித்தான் வரும்” என்றார். அதைப் பார்த்தவுடன் என் கணவர் பணத்தை எடுத்துவரப் போய்விட்டார். கடையின் பெயரைத் தேடினால் கடை வருவதில் என்ன வித்தை இருக்கிறது? எங்கள் பெயரையே கேள்விப்படாமல், ரொறன்ரோவிலிருந்து ‘கூழுக்கு ஒடியல் மா’ என்று தேடுபவரிடம் போய்ச் சேர்வதற்கல்லவா அந்த 85,000 ரூபா!

அவர்கள் தந்த பட்டியலில் இருந்தவை ‘உணவு’, ‘இயற்கை’, ‘சிறந்த சுவை’, ‘ஆன்லைன் ஷாப்பிங்’ போன்ற சொற்கள். பெரும் நிறுவனங்கள் போட்டியிடும் இச்சொற்களில் எங்களைப் போன்றவர்கள் முன்னுக்கு வர வழியில்லை. வந்தாலும், ‘உணவு’ என்று தேடுபவர் பனங்கட்டி வாங்கப் போவதில்லை. ‘ஒடியல்’ என்ற சொல் பட்டியலில் எங்குமே இல்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அதை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதித் தேடுவார்கள் என்பதையும் எவரும் யோசிக்கவில்லை. அந்தப் பட்டியலையும் பக்கத்தின் நிரற்குறிக்குள், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ‘கீவேர்ட்ஸ்’ (தேடற்சொற்கள்) என்ற குறிச்சொல்லில் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்றார்கள். தரவரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைத் தான் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகிள் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இதைப் பக்கத்தைத் திறந்து பார்த்த என் தம்பியின் மகன்தான் சொன்னான்.

அதே காசில் கூகிளில் போட்ட விளம்பரத்தில் நடந்தது இதைவிட மோசம். விளம்பரம் தோன்றவேண்டிய தேடற்சொல்லாக, பனையைக் குறிக்கும் ‘பல்மைரா’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லை எந்தக் கட்டுப்பாடும் இன்றிப் போட்டிருந்தார்கள். சிரியாவில் அதே பெயரில் ஒரு புராதன நகரம் இருக்கிறது. 1980இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம். அதன் இடிபாடுகளைத் தேடியவர்கள் எங்கள் விளம்பரத்தை அழுத்த, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எங்கள் காசு கழிந்திருக்கிறது. ‘சிரியா’, ‘இடிபாடு’ போன்றவற்றை விலக்குச் சொற்களாக, அதாவது தேடலில் அவை இருந்தால் விளம்பரம் தோன்றாதபடி, சேர்த்திருந்தாலே இது பெருமளவு தடுக்கப்பட்டிருக்கும்.

கேட்டபோது முதலில் “ஆறு மாதம் பொறுங்கோ” என்றார்கள். பிறகு கூகிளின் அல்கோரிதம் மாறிவிட்டது என்றார்கள். அதன்பின் பொறுப்பானவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. விளம்பரக் கணக்கைத் தங்கள் மின்னஞ்சலிலேயே திறந்திருப்பதால், 85,000 ரூபாவில் கூகிளுக்கு எவ்வளவு போனது, அவர்களுடைய பைக்குள் எவ்வளவு போனது என்பதை எங்களால் பார்க்க முடியவில்லை. இன்று காலை அதே நிறுவனத்திலிருந்து ‘புதுப்பித்தல் கட்டணம்’ கேட்டுச் செய்தி வந்திருக்கிறது! அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

விரிவாக எழுதும் மனநிலையில் இல்லை. இவற்றை மட்டும் கவனியுங்கள். முதலிடத்துக்கு உத்தரவாதம் தருபவரை நம்பாதீர்கள். அப்படி எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே சொல்கிறது. கணக்குகள் அனைத்தும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். எந்தச் சொற்களுக்கு உங்கள் தளம் தேடலில் வருகிறது என்பதைக் தள உரிமையாளர்களுக்குக் கூகிள் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் இலவசமாகவே பார்க்கலாம். வாடிக்கையாளர் தொலைபேசியில் பொருளை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறாரோ, அதையே உங்கள் தேடற்சொல்லாக எழுதி வையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எங்களிடம் பற்றுச்சீட்டு இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம்.