கூபர் பீடியில் ஓபல் தீட்டிய அரை நாள்

ஓபல் என்ற வண்ணம் மின்னும் ரத்தினக்கல் கிடைக்கும் ஆஸ்திரேலிய ஊர் கூபர் பீடி. அடிலெய்டிலிருந்து 850 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போனது வீண்போகவில்லை. நிலத்தடிக் கடை; வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே மின்விசிறிகூட வேண்டாம். கடைக்காரப் பெரியவர் கல்லை அரக்கு வைத்து ஆணித்தலையில் ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டார். சொரசொரப்பான 280 எண் சாணைச் சக்கரத்தில் தொடங்கி 600, 1200, 3000 என்று மேலும் மேலும் நைசான சக்கரங்களுக்குப் போகவேண்டும். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கணும். ஓபலுக்குள்ளேயே நீர் இருப்பதால் சூடேறினால் விரிசல் விட்டுவிடும். அவசரப்பட்டு அழுத்தினேன், பச்சைக் கீற்றில் பாதி சாணையோடு போயிற்று! பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெருமூச்சு மட்டும். கடைசியாக சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி தடவிய தோலில் தேய்த்தபோது, மிஞ்சிய மொச்சைக்கொட்டை அளவுக் கல்லில் சிவப்பு எட்டிப்பார்த்தது. ஒரே குறை, மூன்று பேருக்கு ஒரு இயந்திரம்; நின்றே கால் கடுத்தது. “மோதிரம் வேண்டாம், கல்லில் கீறல் விழுந்துவிடும், சங்கிலியில் தொங்கவிடும் டாலராகக் கட்டிக்கொள்ளுங்கள்” என்றார் பெரியவர். கட்டக் கொடுத்திருக்கிறேன்.