ஜெஃப்பா, பவுண்டிபக்கா: ஜிடிபிக்கு எதை மாட்டுவது?

ஜிடிபி (GDB) என்பது ஓடும் ப்ரோக்ராமை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப்பார்க்க உதவும் டீபக்கர். வெறும் ஜிடிபியில் ஒரு பைனரியை (கம்பைல் ஆன ப்ரோக்ராமை) பிரித்து மேய்ந்தவர்களுக்குத் தெரியும். பிரேக்பாயின்டில் (நிற்கச் சொல்லிக் குறித்த இடத்தில்) நின்றதும் ஒரு வரியைக் காட்டிவிட்டு அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) வேண்டுமா, தனியாகக் கேட்க வேண்டும். ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரி) வேண்டுமா, அதன் உச்சியைக் காட்டும் ஆர்எஸ்பி ரெஜிஸ்டரிலிருந்து 20 வேர்டு காட்டு என்று கேட்க வேண்டும். ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் நகர்ந்தால் எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டும். சோர்ஸ் கோடு கையில் இருந்தால் இது பெரிய தொல்லையில்லை. அது இல்லாமல் அசெம்பிளியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் அரை மணி நேரத்தில் சலித்துப்போவார்.

2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஜிடிபிக்குள்ளேயே பைதான் எழுதலாம் என்பதால் இந்தக் குறையை வெளியே இருப்பவர்கள் நிரப்பினார்கள். ஜிடிபிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் இந்த நீட்சிகளில் அதிகம் புழங்குவது மூன்று: பீடா (PEDA), பவுண்டிபக் (pwndbg), ஜெஃப் (GEF). மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு நான் ஜெஃப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பீடாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். (பெயரைக் கேட்டதும் வெற்றிலைக் கடைதான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய.) 2012-இல் பிளாக் ஹாட் மாநாட்டில் அறிமுகமானது. நின்றவுடன் ரெஜிஸ்டர், கோடு, ஸ்டாக் மூன்றையும் வண்ணத்தில் அடுக்கிக் காட்டும் பழக்கத்தைப் பரவலாக்கியது இதுதான். ஆனால் இன்டெல் வகை ப்ராசஸர்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது; வளர்ச்சியும் நின்றுபோன மாதிரிதான். பழைய பாடக்குறிப்பு எதையாவது பின்பற்றுகிறீர்கள் என்றால் ஒழிய, இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இது வேண்டாம்.

மற்ற இரண்டும் அன்றாட வேலைக்கு ஏறக்குறைய சமம். மெமரி மேப், செக்செக் (பைனரியில் என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பார்ப்பது), டெலஸ்கோப் (பாயின்டர்களைத் தொடர்ந்து போய்க் காட்டுவது), பேட்டர்ன் உருவாக்கி ஓவர்ஃப்ளோ தூரத்தை அளப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. கட்டளைப் பெயர்தான் இங்கும் அங்கும் மாறும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

ஜிடிபி உங்கள் டெர்மினலில் இருக்கும் பைதானைக் கூப்பிடுவதில்லை. அது கம்பைல் ஆனபோது எந்தப் பைதானோடு இணைக்கப்பட்டதோ அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. பவுண்டிபக்குக்குக் கேப்ஸ்டோன், யூனிகார்ன், பிடபிள்யூஎன்டூல்ஸ் என்று லைப்ரரிகளின் ஒரு பட்டாளமே வேண்டும். அவற்றைத் தனக்கென ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைதான் லைப்ரரிகளுக்கான தனி ஃபோல்டர்) அமைத்து நிறுவிக்கொள்கிறது. நிறுவிய அன்று அருமையாக ஓடும். ஒரு நாள் லினக்ஸை அடுத்த பதிப்புக்கு ஏற்றினேன். ஜிடிபிக்குள் இருந்த பைதான் 3.8-இலிருந்து 3.10 ஆகிவிட்டது. காலையில் ஜிடிபியைத் திறந்தால் 'அந்த மாட்யூல் இல்லை' என்று நீளமான சிவப்பு எழுத்து. பழுது பெரிதல்ல, என்விரான்மென்டை அழித்துவிட்டு செட்டப் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் சரி. ஆனால் அதற்கு இணையம் வேண்டும். நான் அதிகம் வேலை செய்யும் லேப் மெஷினில் இணையம் கிடையாது.

ஜெஃப் ஒரே ஒரு பைதான் ஃபைல். பத்தாயிரம் வரிக்கு மேல் இருக்கும், இருந்தாலும் ஒரே ஃபைல். பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய், ஜிடிபி தொடங்கும்போது படிக்கும் ஜிடிபிஇனிட் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. டாக்கர் கன்டெய்னருக்குள்ளும் அப்படியே காப்பி பண்ணிக்கொள்ளலாம் (பழைய கெர்னல் என்றால், இன்னொரு ப்ரோக்ராமை நிறுத்திப் பார்க்கத் தேவையான பி-ட்ரேஸ் அனுமதியைக் கொடுத்துக் கன்டெய்னரைத் தொடங்க மறந்துவிடாதீர்கள்). ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி ப்ராசஸர்கள் எல்லாவற்றுக்கும் அதே ஃபைல்தான். போர்டில் ஜிடிபிசர்வரை (தூரத்திலிருந்து டீபக் செய்யவிடும் துணை ப்ரோக்ராம்) ஓடவிட்டு, இந்தப் பக்கம் ஜிடிபி-மல்டிஆர்ச்சில் (பல வகை ப்ராசஸர்களும் தெரிந்த ஜிடிபி) ஜெஃப்பை ஏற்றுவதுதான் என் வழக்கம். எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது வேண்டாம் என்று ஒருமுறை அமைத்து 'ஜெஃப் சேவ்' அடித்தால் ஹோம் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலாக உட்கார்ந்துகொள்ளும். அதையும் சேர்த்து எடுத்துப்போவேன்.

நியாயமாகச் சொன்னால், பவுண்டிபக்கும் இப்போது ஜிடிபி, பைதான் இரண்டையும் உள்ளே அடக்கிய தொகுப்பாகக் கிடைக்கிறது. என் புகாரில் பாதி அதோடு போய்விடும். அதை நான் இன்டெல் மெஷினில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன்.

ஜெஃப்பும் முழுக்க உத்தமம் இல்லை. அடி வாங்கியது நான் எழுதிய சொந்தக் கட்டளையில். ஒரு ஃபர்ம்வேரில் (கருவிக்குள் பதிந்திருக்கும் ப்ரோக்ராம்) மெசேஜ் பஃபர்கள் லிங்க்ட் லிஸ்ட்டாக, ஒன்று அடுத்ததைச் சுட்டும்படி கோத்திருக்கும். அதை முனையிலிருந்து நடந்து ஒவ்வொன்றின் நீளத்தையும் அச்சிட நாற்பது வரியில் ஒன்று எழுதி வைத்திருந்தேன். 2022-இல் ஜெஃப் தன் உள்கட்டமைப்பை மாற்றியமைத்தது. தனியாக இருந்த ரீட்-மெமரி ஃபங்ஷன் போய், அந்த வேலை ஜெஃப்.மெமரி.ரீட் என்று ஆனது. என் கட்டளை படுத்துவிட்டது. அதற்கப்புறம் அதை ஜிடிபியின் சொந்தக் கமாண்ட் கிளாஸிலேயே திருப்பி எழுதினேன், மெமரியை நடப்பு இன்ஃபீரியரிடம் (ஜிடிபி பிடித்து வைத்திருக்கும் ப்ரோக்ராம்) நேராகக் கேட்டு வாங்கும்படி. வண்ணம் போயிற்று, ஆனால் இப்போது ஜெஃப், பவுண்டிபக், வெறும் ஜிடிபி மூன்றிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. எதைத் தேர்ந்தாலும் சரி, உங்கள் கட்டளைகளை இப்படி எழுதி வையுங்கள். நாளைக்கு மனசு மாறினால் மூட்டைமுடிச்சு கட்டும் வேலை இருக்காது.

ஹீப் (ப்ரோக்ராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) என்று வந்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.32-இலிருந்து, விடுவித்த துண்டுகளைக் கோத்து வைக்கும் டிகேஷ், ஃபாஸ்ட்பின் பட்டியல்களின் பாயின்டர்கள் அப்படியே கிடப்பதில்லை. பாயின்டர் இருக்கும் முகவரியை 12 பிட் வலப்புறம் தள்ளி, அதோடு பாயின்டரை எக்ஸ்ஓஆர் (XOR) செய்து ஒளித்து வைக்கிறார்கள். அவிழ்த்துக் காட்ட இரண்டுக்கும் தெரியும். ஆனால் பவுண்டிபக்கின் விஸ்-ஹீப்-சங்ஸ் கட்டளை ஒவ்வொரு சங்க்கையும் (ஹீப்பின் ஒரு துண்டு) ஒவ்வொரு நிறத்தில் பைட் பைட்டாக விரித்துப் போடும்போது, எந்தச் சங்க் அடுத்ததன் அளவுப் பகுதியை மிதித்திருக்கிறது என்பது கண்ணிலேயே அறையும். ஜெஃப்பில் இதற்கு எக்ஸ்ட்ராஸ் என்ற தனித்தொகுப்பைத் தேட வேண்டும்; அப்போது 'ஒரே ஃபைல்' பெருமை போய்விடும். யூனிகார்னை வைத்து அடுத்த சில இன்ஸ்ட்ரக்ஷன்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்வதும் பவுண்டிபக்கின் பலம். மெதுவான ரிமோட் இணைப்பில் அது இழுத்தால் எமுலேட் என்ற அமைப்பை ஆஃப் செய்துவிடலாம். சமீபத்தில் பவுண்டிபக் எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கருக்கும் கை நீட்டியிருக்கிறது. அதை இரண்டு நாள்தான் தொட்டுப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற ஆசைப்படாதீர்கள். ப்ராம்ப்டும் நிற்கும் நிகழ்வும் இரண்டுக்கும் வேண்டும், ஒன்றையொன்று மிதிக்கும். என் ஜிடிபிஇனிட்டில் ஒவ்வொன்றையும் ஏற்ற ஒரு டிஃபைன் (சொந்தக் கட்டளை) இருக்கிறது; ஷெல்லில் இரண்டு ஏலியாஸ் (சுருக்கப் பெயர்). ஜி அடித்தால் ஜெஃப், பி அடித்தால் பவுண்டிபக். பி அடிப்பது மாதத்தில் இரண்டு மூன்று முறை, அதுவும் யாராவது டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கும் பிழை) என்று சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வரும்போது.