வண்டிப் பெட்டியில் எது தாங்கும்? புளியோதரை, தயிர்சாதம், இட்லி, ஓட்டல் சாப்பாடு

காலை ஏழரைக்குக் கட்டிய டப்பாவை ஒன்றரைக்குத் திறப்போம் என்பதுதான் கணக்கு. லைன் சேல்ஸ் (கடை கடையாகப் போய்ச் சரக்கு விற்பது), மெடிக்கல் ரெப், கூரியர் என்று வண்டியிலேயே சுற்றும் வேலைகளில் அந்த ஒன்றரை பெரும்பாலும் மூன்றாகிவிடும். அதனால் எதில் சத்து அதிகம் என்று பார்ப்பதற்கு முன், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் எது கெடாமல் இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

சாம்பார் சாதம் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அரிசி வேகும்போது சாகாமல் சோற்றில் தங்கிவிடும். சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் வாந்தி நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஹாட்பாக்ஸில் அடைத்த சாம்பார் சாதம் மதியம் வெதுவெதுப்பாக இருந்தால் 'இன்னும் சூடாத்தான் இருக்கு' என்று சந்தோஷப்படுவார்கள். அந்த வெதுவெதுப்புதான் வினை. புளி சேர்ந்திருக்கிறதே என்றால், பருப்பும் காயும் தண்ணீருமாகக் கிடக்கும் சோற்றைக் காப்பாற்ற அந்தப் புளி போதாது.

புளியோதரை தாங்குவதற்குக் காரணம் புளிப்பு மட்டுமல்ல. அதில் ஈரம் குறைவு. ஒருவருக்கு 75 கிராம் அரிசி. உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து, சோற்றின் மேலேயே சொட்டும். கெடுவது அந்த ஈரத்தில்தான் ஆரம்பிக்கும். குறை என்னவென்றால் இதில் புரதம் ஆறு கிராமுக்குள்தான். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வறுத்த வேர்க்கடலை சேர்த்தால் இன்னும் ஏழு கிராம் கூடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. மதியச் சாப்பாட்டிலேயே 15 கிராமாவது வந்தால்தான் நான்கு மணிக்கு வயிறு கத்தாது. வேர்க்கடலையைச் சோற்றில் கலக்காமல் தனியே கட்டிக்கொண்டால் மொறுமொறுப்பும் போகாது, சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சட்டைப்பையிலிருந்தே கொறிக்கலாம்.

தயிர்சாதத்தின் சிக்கல் வேறு. காலையிலேயே தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்தால் வண்டிச் சூட்டில் அது மேலும் புளித்து, மதியம் வாயில் வைக்க முடியாது. 75 கிராம் அரிசியைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் 150 மில்லி விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மூன்று டேபிள்ஸ்பூன் தயிர் கலந்தால் பெட்டிக்குள்ளேயே உறைந்து ஒரு மணிக்குப் பதமாக இருக்கும். இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு தாளிப்பு போதும். கேரட் துருவலோ மாதுளையோ போடலாம். வெள்ளரி தண்ணீர் விடும். பச்சை வெங்காயம் மூடிக்குள் நாறும். தொட்டுக்கொள்ள ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்று அடுக்கினால், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்க வேண்டிய உப்பு மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

நின்றபடி, கரண்டி இல்லாமல், பத்து நிமிடத்தில் சாப்பிட வேண்டியவருக்குப் பொடி தடவிய இட்லிதான் சரி. நான்கு இட்லி, இரண்டு டீஸ்பூன் பொடி, அதே அளவு நல்லெண்ணெய். இட்லி ஆறிய பிறகு இரண்டு பக்கமும் தடவி அடுக்கினால் காயாது. புரதம் ஏழெட்டு கிராம். தேங்காய்ச் சட்னியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிய்க்கும்போது நூல் விட்டால் இட்லியையும் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும்.

சப்பாத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்பது கதை. நான்கு சப்பாத்தி நான்கு சப்பாத்திதான். தேங்காய் அரைத்த குருமா வேண்டாம், தக்காளித் தொக்கு தாங்கும்.

டப்பாவே கட்ட முடியாத நாளில் ஓட்டல் சாப்பாடு மோசமில்லை. சூடாக இருக்கும், கூட்டும் பொரியலும் உண்டு. சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று நான்கு தடவை சோறு வாங்குவதில்தான் மாட்டிக்கொள்கிறோம். அதன்பிறகு மூன்று மணி வெயிலில் வண்டியில் கண் சொக்குவது உடம்பு விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். அளவு சாப்பாடு வாங்கி, பொரியல் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டரைக்கு மேல் போனால் பொரியல் தீர்ந்திருக்கும்.

பேக்கரி பப்ஸ், மைதாவும் கொழுப்பும் மாறி மாறி மடித்தது. பசியை அரை மணிதான் அடக்கும். அதே தெருவில் இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம் கிடைத்தால் 12 கிராமுக்கு மேல் புரதம். அவித்த முட்டையை வீட்டிலிருந்து வெயிலில் சுமக்காமல் கடையில் சூடாக வாங்குவதே மேல். கம்பங்கூழ் வண்டி நல்லதுதான், ஆனால் எந்தத் தண்ணீரில் கரைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் குடிக்க வேண்டும். வடையை அச்சடித்த பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிவதை விட்டுவிடுங்கள். மை எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும்.

டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஐந்து டீக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 25-க்குள் இருந்தால் நல்லது என்கிறது. மாஸ்டர் சர்க்கரையை முதலிலேயே கிளாஸில் போட்டுவிடுவார், டீ ஊற்றிய பிறகு 'கம்மியா' என்று சொல்லிப் பயனில்லை. கிளாஸை எடுக்கும்போதே 'அண்ணே, சக்கரை பாதி' என்று சொல்லிவிட வேண்டும்.