ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டு வகுப்பு: மூன்று வருடம் போய்வந்த பிறகு

மதுரையில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் மாடியில், வாசகர் வட்டத்துக்காரர்கள் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்காக வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாம் இதே ஏரியாக்காரர்கள். செல்போன் பயன்பாடு, மாடித் தோட்டம், பேச்சு இந்தி, கல்வெட்டு வாசிப்பு என்று மாற்றி மாற்றி ஓடும். மூன்று வருடத்துக்கும் மேலாகப் போய்வருகிறேன். சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கல்வெட்டுக்குக் கண்டிப்பாகப் போங்கள், மற்றதெல்லாம் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போன் வகுப்பு வயதானவர்களுக்கு நிஜமாகவே உபயோகம். யுபிஐ-யில் பணம் அனுப்பத்தான் ரகசிய எண் போட வேண்டும், வாங்குவதற்குத் தேவையே இல்லை என்ற ஒரே விஷயத்தை அதை எடுக்கும் கல்லூரிப் பெண் சலிக்காமல் சொல்லிப் பதிய வைத்தாள். இந்தி வகுப்பு தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோனது. மாடித் தோட்டம் நல்ல அரட்டை.

கல்வெட்டு வகுப்பை எடுப்பவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கூடவே ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு தம்பி. படம் எடுப்பது, ஜெராக்ஸ் போடுவது, வேன் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எழுத்து அறிமுகம் ஓரிரு மாதத்தில் முடிந்துவிடும். மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமி, வளைந்து வளைந்து வரும் வட்டெழுத்து, சோழர் காலத் தமிழ் எழுத்து மூன்றையும் கட்டம் போட்ட நோட்டில் எழுதிப் பழக வேண்டும். பாண்டிய நாட்டில் இருந்துகொண்டு வட்டெழுத்தை விட முடியாது. முதலாம் ராஜராஜன் இந்தப் பக்கத்தைப் பிடிக்கும் வரை இங்கே ஆட்சி செய்த எழுத்து அது.

எழுத்து தெரிந்துவிட்டால் படித்துவிடலாம் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒருநாள் சார் பலகையில் ஒரு கொம்பு, ஒரு ‘ப’, ஒரு கால், ஒரு ‘ன’ எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் வகுப்பில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் உண்டு. “பொன் சார்” என்றார். பின்வரிசையில் ஒரு அக்கா, “ஏன், பேரன்னும் படிக்கலாம்ல?” என்றார். ‘போன’ என்றும் படிக்கலாம் என்று இன்னொருவர். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் சார் அடுத்த சொல்லை எழுதினார்: கழஞ்சு. பொன் நிறுக்கும் அளவு அது. பேரனைக் கழஞ்சுக் கணக்கில் யாரும் நிறுப்பதில்லை. எழுத்தைவிட அது நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்படித்தான் புரிந்தது.

அதனால் வகுப்பில் பாதி நேரம் கல்வெட்டின் வாய்பாட்டிலேயே போகும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும், மன்னன் பெயர் வரும், யாண்டு, அதாவது அவன் ஆட்சியில் எத்தனையாவது வருடம் என்பது வரும், நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது, ‘சந்திராதித்தவல்’ அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை. இந்த வரிசை மனதில் ஏறிவிட்டால் சிதைந்த இடத்தில்கூட என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிக்க, நெய்க்காகக் கொடுத்த ஆடு சில இடங்களில் 90, தஞ்சைப் பெரிய கோயிலில் 96. ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதியிருப்பார்கள். ஆடு சாகாமல் இருக்காது. செத்ததை ஈடுகட்டி எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையர் பொறுப்பு. எங்கள் வகுப்பில் ஆடு வளர்க்கும் வீட்டிலிருந்து ஒருவர் வருகிறார். ஒரு ஆட்டுக்கு எவ்வளவு பால், அதில் எவ்வளவு நெய் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்ததும் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்துக்காகவே போகலாம்.

அவ்வப்போது வெளியே கூட்டிப்போவார்கள், வேன் காசை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம். கீழக்குயில்குடி சமணர் மலைக்குத்தான் அதிகம் போகிறோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், கருப்பசாமி கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. காலையில் சாய்வாக வெளிச்சம் விழும்போது கோடுகள் எழும்பி நிற்கும். நிழலான இடத்தில் செல்போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். ‘செய்வித்த திருமேனி’, அதாவது ஒருவர் செய்யவைத்த சிலை என்று நானாகக் கூட்டிப் படித்த அன்று சாப்பாடே தோன்றவில்லை. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்று அங்கே பெயர்களும் வருகின்றன. சுண்ணாம்பு, மாவு எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதி இல்லாமல் மைப்படி, அதாவது மை தடவித் தாளில் எடுக்கும் படி, எடுக்கக் கூடாது என்பதில் சார் படு கறார்.

இனி குறைகள். பெரிய குறை, எல்லாம் ஒருவர் தலையில் நிற்பது. சார் மகள் வீட்டுக்கு வெளியூர் போனார், வகுப்பு மாதக்கணக்கில் கிடையாது. நடத்த ஆள் தேடலாம் என்று வட்டத்தில் பேசினார்கள், பேச்சோடு சரி. அடுத்தது, ஒவ்வொரு புதுச் சுற்றிலும் நாலு பேர் புதிதாக வந்தால் மறுபடியும் அகரத்திலிருந்து. பழைய ஆட்களுக்கு இது பெரிய எரிச்சல். நாங்கள் சிலர் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து நாங்களே படிக்க ஆரம்பித்த பிறகுதான் முன்னேற்றம் தெரிந்தது. பாடத்திட்டம் என்று எழுதிவைத்த தாளே இல்லை. இரண்டு வாரம் விட்டால் எங்கே நிற்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். மலைக்குப் போகும் நாளில் பெண்களுக்குக் கழிப்பறை பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நாங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகு, வழியில் ஒரு தெரிந்தவர் வீட்டில் வேனை நிறுத்துகிறார்கள். ‘நான் மலையில் நிற்கும் படம்’ போடுவதற்கென்றே வருபவர்களும் உண்டு. அவர்களால் கெடுதல் இல்லை, வேன் செலவு குறைகிறது.

முறையாகப் படித்து வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் தொல்லியல், கல்வெட்டியல் பட்டயப் படிப்புகளைத் தேடிப் போக வேண்டும். வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு இது சரிப்படும், வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் பழகினால் மட்டும். கல்வெட்டுகளின் வாசகத்தை அச்சிட்டுத் தரும் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள் 1890-லிருந்து வந்துகொண்டிருக்கின்றன. பல தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கோயிலுக்குப் போவதற்கு முன் அதன் கல்வெட்டு வாசகத்தை அவற்றில் பார்த்துவிட்டுப் போனால், சுவரில் தேடிப் பிடிக்க எளிது.

எங்கள் நூலகத்தில் புதுச் சுற்று பொங்கல் முடிந்து தொடங்குகிறது. இடையில் சேர்ந்தால் வட்டெழுத்துப் பாடம் போயிருக்கும், அதற்கு அடுத்த வருடம்தான். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், வெளியே போகும் நாளில் தொப்பியும் தண்ணீரும். நோட்டை மட்டும் கடையில் வாங்கிவிட்டு வாருங்கள், மற்றவர் நோட்டில் பக்கம் கிழித்துக் கேட்பவர்களைக் கண்டால் சாருக்கு ஆகாது.