தெர்மோகோல் கப்பா, பாம் கலோரிமீட்டரா?

வினைவெப்பம், அதாவது வேதிவினையில் வெளிவரும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பம், அளக்கத் தெர்மோகோல் கப்பை எடுப்பதா, பாம் கலோரிமீட்டரை (மூடிய எஃகுக் கலனுக்குள் பொருளை எரித்து வெப்பத்தை அளக்கும் கருவி, சுருக்கமாகப் பாம்) எடுப்பதா என்று குழம்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் வினை கரைசலில் நடக்கிறதா, எரிதலா என்பதைத்தான்.

செலவு: கப்புக்கு ஒன்றுமே இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கப், ஒரு மூடி, ஒரு வெப்பமானி போதும். பாம் கலோரிமீட்டருக்குத் தடித்த எஃகுக் கலன், ஆக்சிஜன் சிலிண்டர், பற்றவைக்கும் கம்பி எல்லாம் வேண்டும்.

அளப்பது: கப் மாறாத வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால் நேராக என்தால்பி மாற்றமே (அழுத்தம் மாறாதபோது வினையில் பரிமாறப்படும் வெப்பம்) கிடைக்கும். பாமில் கனஅளவு மாறாது, அதனால் கிடைப்பது அக ஆற்றல் மாற்றம் (பொருளுக்குள் இருக்கும் மொத்த ஆற்றலின் மாற்றம்). வினைக்கு முன்னும் பின்னும் உள்ள வாயு மோல்களின் வேறுபாட்டை வைத்துத் திருத்திய பிறகுதான் என்தால்பி. இதை மறந்துவிட்டு விடை எழுதுகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து கவனியுங்கள்.

துல்லியம்: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் தலா 50 மி.லி. கலந்தால் கப்பில் வெப்பநிலை சுமார் 6.8 டிகிரி உயர வேண்டும். கொஞ்சம் குறைவாகத்தான் வரும், காரணம் வெப்பக் கசிவு. வெப்பநிலையை நேரத்துக்கு எதிராக வரைபடம் போட்டு, கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டினால் அந்தப் பிழை நன்றாகவே குறையும். பாமை, கிராமுக்கு சுமார் 26.4 கிலோஜூல் தரும் பென்சாயிக் அமிலத்தை எரித்து முன்பே அளவுதிருத்தம் செய்துகொள்வார்கள், அதனால் நம்பகம் அதிகம்.

பாதுகாப்பு: பாமில் சுமார் 30 வளிமண்டல அழுத்தம், பழகியவர் அருகில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

சரி, நடுநிலையாக்கல், உப்பு கரைதல் என்றால் கப். எரிபொருள், உணவின் கலோரி என்றால் பாம்தான்.